ஆளை மாற்ற முடியாத அணிகள்

1980 ஆகஸ்ட் 3 அன்று மாஸ்கோ ஒலிம்பிக் நிறைவடைந்தது. ஹாக்கியில் இந்தியா தங்கம் வென்றிருந்தது. அந்தக் கொண்டாட்டத்தில் கூடைப்பந்து அணியைப் பற்றிப் பேச யாருக்கும் நேரமில்லை. அமெரிக்கா தொடங்கிப் பல நாடுகள் புறக்கணித்ததால் காலியான இடங்களில் ஒன்றுதான் இந்தியாவுக்குக் கிடைத்திருந்தது. மொத்தம் 12 அணிகள். ஆடிய எல்லா ஆட்டங்களிலும் தோற்று இந்தியா பன்னிரண்டாவதாக வந்தது. ஒலிம்பிக் கூடைப்பந்தில் இந்தியா களமிறங்கியது அந்த ஒரே முறைதான்.

மறுநாள், ஆகஸ்ட் 4 அன்று, தில்லியில் மத்தியப் பணியாளர் துறை ஒரு குறிப்பாணையை வெளியிட்டது. தகுதியுள்ள விளையாட்டு வீரர்களை, வழக்கமான ஆளெடுப்பு விதிகளைத் தளர்த்தி, சி பிரிவு, டி பிரிவுப் பணியிடங்களில் நேரடியாக நியமிக்கலாம் என்றது அது. தேதிகள் அடுத்தடுத்து விழுந்தது தற்செயல். கோப்பு எண்ணிலேயே 76 என்ற ஆண்டு இருக்கிறது. அதாவது நான்கு வருடம் மேசை மேசையாக நகர்ந்துவிட்டு வந்த காகிதம் அது. ஆனால் இந்தியக் கூடைப்பந்தை அடுத்த நாற்பது ஆண்டுகள் நடத்தியது மாஸ்கோவில் கிடைத்த அனுபவம் அல்ல, இந்தக் காகிதம்தான். 'ஸ்போர்ட்ஸ் கோட்டா' என்று ஊர் ஊராக விளையாட்டுப் பிள்ளைகள் சொல்வதற்கு மத்திய அரசு அலுவலகங்களில் அடிப்படை இதுவே.

அந்தக் காகிதத்தின் அருமை ஆர்.கே.புரத்தில் இருப்பவர்களுக்குச் சொல்லாமலே புரியும். ராமகிருஷ்ண பரமஹம்சரின் பெயரைத் தாங்கிய இந்தத் தெற்கு தில்லிக் குடியிருப்பு, மத்திய அரசு ஊழியர்களுக்காகவே கட்டப்பட்டது. செக்டர் செக்டராகப் பிரித்து, பதவிக்கும் சம்பளத்துக்கும் தக்கபடி டைப் டைப்பாக வீடு ஒதுக்கிய ஊர். செக்டர் 5-இல் தில்லித் தமிழ்ச் சங்கம், செக்டர் 4-இல் தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளி, செக்டர் 7-இல் குன்றின் மேல் மலை மந்திர். 1965-இல் அடிக்கல் நாட்டி 1973-இல் சுவாமிநாத சுவாமிக்குக் குடமுழுக்கு நடந்தபோது, அதற்குத் தோள்கொடுத்தவர்களில் கணிசமானோர் அமைச்சக மேசைகளில் உட்கார்ந்திருந்த தமிழர்கள். இங்கே ஒரு வீட்டின் கௌரவம் என்பது நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், பென்ஷன். பிள்ளை நன்றாகப் பந்து போடுகிறான் என்றால் அடுத்த கேள்வி 'எந்த டிபார்ட்மென்ட் எடுப்பாங்க?' என்பதுதான்.

இந்தக் கேள்வியைச் சிறுமையாகப் பார்ப்பது நியாயமல்ல. கூடைப்பந்து இந்தியாவுக்கு வந்த விதமே அப்படி. 1891 டிசம்பரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் இந்த ஆட்டத்தைக் கண்டுபிடித்தபோது முதல் ஆட்டத்தில் ஆடிய மாணவர்களில் ஒருவரான டங்கன் பாட்டன், 1894-இல் அதை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். ஒய்.எம்.சி.ஏ. வழியாக அது பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் பரவியது. ஹாரி குரோ பக் 1920-இல் சென்னையில் தொடங்கிய ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விப் பள்ளி, பின்னாளில் கல்லூரியாகி, தென்னிந்தியா முழுக்க உடற்பயிற்சி ஆசிரியர்களை அனுப்பிக்கொண்டே இருந்தது. அவர்கள் போன இடமெல்லாம் ஒரு கம்பமும் ஒரு வளையமும் முளைத்தன. முதல் தேசியப் போட்டி 1934-இல் புது தில்லியில் நடந்தது. இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்பு பிறந்தது 1950-இல்.

ஆனால் பள்ளி, கல்லூரி முடிந்த பிறகு ஆடுபவனுக்குச் சோறு போடுவது யார்? கால்பந்துக்குக் கல்கத்தாவில் கிளப்புகள் இருந்தன. கூடைப்பந்துக்கு அப்படி எதுவும் இல்லை. அந்த இடத்தை நிரப்பியவை ராணுவமும் ரயில்வேயும். ரயில்வே தன் விளையாட்டு வாரியத்தை 1928-லேயே அமைத்துவிட்டது. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் தேசியப் பட்டம் என்றால் பெரும்பாலும் சர்வீசஸ் அணிதான். பிறகு வங்கிகள், காவல்துறைகள், எண்ணெய் நிறுவனங்கள், மின்வாரியங்கள் வந்தன. சென்னையில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, டேராடூனில் ஓ.என்.ஜி.சி., கேரளத்தில் மின்வாரியப் பெண்கள் அணி. கூடைப்பந்துக்காரர்கள் 'டிபார்ட்மென்ட் டீம்' என்று சொல்வது இவற்றைத்தான்.

டிபார்ட்மென்ட் டீம் எப்படி ஆள் எடுக்கிறது? ரயில்வேயின் 2010-ஆம் ஆண்டு விளையாட்டுக் கொள்கையைப் பார்த்தால் போதும். மொத்தம் 100 மதிப்பெண். களத்தில் நடக்கும் சோதனைக்கு 40. ஏற்கெனவே வாங்கிய பதக்கங்களுக்கும் சான்றிதழ்களுக்கும் 50. படிப்புக்கும் பொது அறிவுக்கும் சேர்த்து 10. தேர்வானவர் ஐந்து ஆண்டு ரயில்வேயில் இருப்பேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். இந்த எண்களை நிதானமாக யோசித்தால் ஒன்று தெரியும். இன்று எவ்வளவு நன்றாக ஆடுகிறான் என்பதைவிட, நேற்று எங்கே பதக்கம் வாங்கினான் என்பதற்கு எடை அதிகம். நாளை எப்படி வளர்வான் என்பதற்கு இதில் தனி இடமே இல்லை. தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனம் சான்றிதழைத்தான் எண்ண முடியும். வளர்ச்சியை எந்தத் தாளில் எழுதுவது? அதைக் குறை சொல்லிப் பயனில்லை. ஆனால் ஓர் அணியைக் கட்டுவது என்பது பெரும்பாலும் இனிமேல் வளரப் போகிறவனைக் கண்டுபிடிக்கும் வேலைதான்.

இதற்கு நேரெதிரான உலகம் ஒன்றுண்டு. 2019 அக்டோபர் 4, 5 தேதிகளில் மும்பை வொர்லியில் என்.பி.ஏ. அணிகள் இரண்டு முதல்முறையாக இந்திய மண்ணில் ஆடின: சாக்ரமென்டோ கிங்ஸ், இந்தியானா பேசர்ஸ். கிங்ஸின் உரிமையாளர் குழுவுக்குத் தலைவர் மும்பையில் பிறந்த விவேக் ரணதிவே. முதல் நாள் கூடுதல் நேரம் வரை போய் பேசர்ஸ் 132-131 என்று வென்றது. அரங்கம் நிறையப் பள்ளிப் பிள்ளைகள். அந்த வாரம் கிங்ஸ் அணியின் நிலையைச் சொன்னால் இந்திய ரசிகர்களுக்கே பரிதாபமாக இருந்திருக்கும். 2006-க்குப் பிறகு ஒருமுறைகூட அந்த அணி பிளே-ஆஃப் கட்டத்தை எட்டவில்லை.

அப்படித் தோற்றுக்கொண்டே இருக்கும் அணிக்கு என்.பி.ஏ. ஒரு வழி வைத்திருக்கிறது. கடைசியில் வரும் அணிகளுக்கு அடுத்த ஆண்டு புது வீரர்களை எடுப்பதில் முன்னுரிமை. 1985 முதல் அதிலும் குலுக்கல் உண்டு, வேண்டுமென்றே தோற்பதைத் தடுக்க. அதையும் மீறி ஃபிலடெல்ஃபியா 76-யர்ஸ் அணி, வருங்காலத்துக்காக இன்றைய ஆட்களை விற்றுத் தீர்த்து, 2015-16 பருவத்தில் 82 ஆட்டங்களில் 10 மட்டும் வென்றது. இன்னொரு வழி டிரேடு: உன் ஆள் எனக்கு, என் ஆள் உனக்கு. 2022 பிப்ரவரியில் கிங்ஸ் அதைச் செய்தது. டைரீஸ் ஹாலிபர்ட்டன் என்ற 21 வயது இளைஞரையும் பட்டி ஹீல்டையும் இன்னொருவரையும் கொடுத்துவிட்டு, டொமான்டாஸ் சபோனிஸ் உள்ளிட்ட மூவரை வாங்கியது. கொடுத்தது யாருக்கு? மும்பையில் எதிரே ஆடிய அதே பேசர்ஸுக்கு. கிங்ஸ் ரசிகர்கள் கொதித்தார்கள். அடுத்த ஆண்டே, 16 பருவங்களுக்குப் பின், கிங்ஸ் பிளே-ஆஃபுக்குள் நுழைந்தது. அந்தப் பக்கம் ஹாலிபர்ட்டன் 2025-இல் பேசர்ஸை இறுதிச்சுற்றின் ஏழாவது ஆட்டம் வரை அழைத்துப் போனார். அதற்குள் கிங்ஸ் மீண்டும் தடுமாறி, தன் இன்னொரு நட்சத்திரமான டியரன் ஃபாக்ஸை விட்டுக்கொடுத்திருந்தது. யார் லாபம், யார் நஷ்டம் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. ஆனால் இரண்டு அணிகளும் ஒரே பிற்பகலில் வேறு அணிகளாக மாறின.

இந்திய டிபார்ட்மென்ட் அணியால் அதைச் செய்யவே முடியாது. இங்கே வீரர் என்பவர் முதலில் ஊழியர். கிளார்க்கை, டிக்கெட் பரிசோதகரை, வங்கி உதவியாளரை இன்னொரு நிறுவனத்தின் கிளார்க்குக்குப் பதிலாக மாற்றிக்கொள்ள எந்த விதியிலும் இடமில்லை. முப்பத்தைந்து வயதில் முழங்கால் போனாலும் அறுபது வயது வரை அந்தப் பணியிடம் அவருடையதுதான்; அது அவருடைய உரிமை, அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அவருக்குப் பதில் கூடைக்கடியில் ஆடும் புதிய சென்டர் ஒருவரை எடுக்கத் துறையில் காலியிடம் வேண்டும், அந்த ஆண்டின் ஒதுக்கீட்டில் கூடைப்பந்துக்குப் பங்கு வேண்டும், அதற்குள் உயரமான பையன் வேறு துறைக்குப் போகாமல் இருக்க வேண்டும். ஒரே சமயத்தில் எடுத்த ஐந்து பேர் ஒரே சமயத்தில் முதுமை அடைகிறார்கள். அணி ஒன்று உச்சியிலிருந்து சரிந்தால், அதை நிமிர்த்தப் பருவங்களை அல்ல, ஆளெடுப்பு அறிவிக்கைகளை எண்ண வேண்டியிருக்கிறது.

தில்லியில் இதற்குக் கண்ணெதிரே ஓர் உதாரணம் உண்டு. வாராணசியின் சிங் சகோதரிகள் பலர் தேசிய அணிக்கு ஆடியவர்கள். அவர்களில் பிரசாந்தியும் அகாங்க்‌ஷாவும் தலைநகருக்கு வந்து எம்.டி.என்.எல். தொலைபேசி நிறுவனத்துக்கு ஆடினார்கள். அவர்கள் இருந்த காலத்தில் தில்லிப் பெண்கள் அணி நாட்டின் முதல் வரிசை அணிகளில் ஒன்று. பிரசாந்தி 2017-இல் அர்ஜுனா விருதும் 2019-இல் பத்மஸ்ரீயும் பெற்றார். ஆனால் அணியைத் தாங்கிய நிறுவனம் லேண்ட்லைனை நம்பியது. செல்பேசி வந்ததும் கடன் ஏறியது, புது ஆளெடுப்பு நின்றது. 2019-இன் கடைசியில் அறிவித்த விருப்ப ஓய்வுத் திட்டத்தில் 14,000-க்கும் மேற்பட்ட ஊழியர்கள் வெளியேறினார்கள். ஆளே எடுக்காத நிறுவனத்தில் அணி மட்டும் எப்படி இளமையாக இருக்கும்? அங்கே எந்தப் பயிற்சியாளரும் தவறு செய்யவில்லை. தொலைத்தொடர்புக் கட்டணங்களின் வீழ்ச்சி ஒரு கூடைப்பந்து அணியைக் கரைத்தது.

சத்தீஸ்கரின் கதை வேறு விதம். பிலாய் உருக்காலை நகரில் பயிற்சியாளர் ராஜேஷ் பட்டேல் ஏழை வீட்டுப் பெண்களைத் தேடிப்பிடித்து, தங்கவைத்து, பயிற்சி கொடுத்து உருவாக்கிய அணி, புதிதாகப் பிறந்த அந்த மாநிலத்தை தேசிய மேடையில் ரயில்வேயின் நேரெதிரியாக நிறுத்தியது. பெண்கள் தேர்ந்ததும் ரயில்வே வேலை தேடி வந்தது. வேலையில் சேர்ந்தால் ரயில்வேக்குத்தான் ஆட வேண்டும். ஆக, பட்டேல் வளர்த்த கைகளே மறுவருடம் எதிரணியில் நின்றன. டிரேடு என்றால் பதிலுக்கு ஆளோ முன்னுரிமையோ கிடைக்கும். பட்டேலுக்குப் பதிலாகக் கிடைத்தது அந்தப் பெண்களின் வீடுகளில் அடுப்பு எரிந்தது மட்டும்தான். அவர் மறுபடி எட்டு வயது, பத்து வயதுப் பிள்ளைகளோடு முதலிலிருந்து தொடங்கினார். 2018-இல் மறையும் வரை அவர் செய்தது இதைத்தான். அணியைத் திரும்பக் கட்டுவது என்ற சொல்லுக்கு இந்தியாவில் அவரைவிடப் பொருத்தமானவர் கிடையாது.

அடுப்பு எரிந்தது என்பதைப் போகிறபோக்கில் சொல்லிவிட முடியாது. கேரளத்துச் சங்கனாசேரிக் கல்லூரியிலிருந்து வந்த கீது அன்னா ஜோஸ், சென்னைத் தெற்கு ரயில்வேயில் சேர்ந்தார். அந்த வேலை கையிலிருந்த தைரியத்தில் ஆஸ்திரேலியாவின் ரிங்வுட் ஹாக்ஸ் கிளப்புக்கு ஆடப் போனார். 2011-இல் அமெரிக்கப் பெண்கள் தொழில்முறை லீக் அணிகள் மூன்றின் தேர்வில் கலந்துகொண்டார். தேர்வாகவில்லை. திரும்பி வர ஓர் இடம் இருந்தது. அதே தெற்கு ரயில்வேயின் அனிதா பால்துரை, சென்னைப் பெண், 19 வயதில் இந்திய அணிக்குத் தலைவி, ஆசியச் சாம்பியன்ஷிப் போட்டிகளில் ஒன்பது முறை ஆடியவர், 2021-இல் பத்மஸ்ரீ. பிள்ளை பெற்ற பிறகும் களத்துக்குத் திரும்பியவர். ஒப்பந்தம் முடிந்தால் வீட்டுக்குப் போ என்னும் லீக்கில் இவர்களுடைய வாழ்க்கை இத்தனை நீளமாக இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

அப்படியானால் லீக் எதற்கு? 2014 ஜூலையில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசியக் கோப்பை அதற்குப் பதில். சீனாவை அதன் மண்ணிலேயே இந்தியா 65-58 என்று வீழ்த்தியது. அந்த அணியின் முதுகெலும்பு விசேஷ் பிருகுவன்ஷி, அம்ரித்பால் சிங், அம்ஜ்யோத் சிங் ஆகியோர். மூவருக்கும் ஓ.என்.ஜி.சி. தொடர்பு உண்டு. 2017-இல் அம்ரித்பால் ஆஸ்திரேலியாவின் சிட்னி கிங்ஸுக்குப் போனார். அம்ஜ்யோத் அமெரிக்காவில் என்.பி.ஏ.வுக்கு அடுத்த நிலை லீக்கில் ஆடினார். லூதியானா அகாதெமியில் சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளர் செதுக்கிய சத்னம் சிங் 2015-இல் டல்லாஸ் மேவரிக்ஸால் 52-ஆவது ஆளாகத் தேர்வானார். திறமை இருக்கிறது என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். வருடம் முழுக்க, தங்களுக்கு ஈடான எதிரிகளோடு மோத ஓர் இடம்தான் இல்லை. வருடத்துக்கு ஒரு தேசியப் போட்டி, ஒரு ஃபெடரேஷன் கோப்பை, சில அழைப்புப் போட்டிகள். அதில் யாருக்கு ஆட்டம் முதிரும்?

அந்த இடத்தைக் கட்ட முயன்றவர்கள் உண்டு. 2010-இல் ஐ.எம்.ஜி.-ரிலையன்ஸ் நிறுவனம் இந்தியக் கூடைப்பந்துக் கூட்டமைப்போடு 30 ஆண்டு ஒப்பந்தம் போட்டது. சத்னம் ஃபுளோரிடாவுக்குப் போனது அந்த வழியில்தான். பேசப்பட்ட பெரிய லீக் மட்டும் வரவில்லை. 2015-இல் யு.பி.ஏ. என்ற தனியார் லீக் எட்டு அணிகளோடு தொடங்கியது: சென்னை ஸ்லாம், பெங்களூரு பீஸ்ட், பஞ்சாப் ஸ்டீலர்ஸ், தில்லி கேபிடல்ஸ் என்று பெயர்கள். 2017-க்குப் பின் அது நின்றது. தில்லி கேபிடல்ஸ் என்று இன்று சொன்னால் எல்லோருக்கும் நினைவு வருவது 2018 டிசம்பரில் பெயர் மாற்றிக்கொண்ட கிரிக்கெட் அணி; அதற்கு மூன்று வருடம் முன்பே அந்தப் பெயரில் உயரமான பையன்கள் சிலர் கூடைக்குப் பந்து போட்டார்கள் என்பது தலைநகரிலேயே மறந்துபோயிற்று. 2022-இல் கூட்டமைப்பின் ஆதரவோடு ஐ.என்.பி.எல். வந்தது. ஆறு நகர அணிகள். முதல் பருவத்தின் பட்டம் சென்னை ஹீட்டுக்கு.

இந்த லீக்குகள் தடுமாறியதற்குப் பணமில்லை, தொலைக்காட்சி இல்லை என்று காரணம் சொல்வது வழக்கம். பாதிதான் உண்மை. என்.பி.ஏ. அணி தோற்றால் ஆளை மாற்றும்; அந்த நம்பிக்கையில் ரசிகன் அடுத்த பருவம் வரை காத்திருப்பான். இங்கே லீக் அணிகளுக்கு ஆள் சொந்தமே இல்லை. நல்ல வீரர்களில் பெரும்பாலோர் ஏதோ ஒரு துறையின் ஊழியர். சில வாரங்கள் ஆடிவிட்டு அலுவலகத்துக்குத் திரும்ப வேண்டியவரை வைத்து எந்த அணி ஐந்தாண்டுத் திட்டம் போடும்?

தமிழ்நாட்டில் மட்டும் இந்தக் கஷ்டத்துக்கு ஒரு நாட்டு மருந்து கிடைத்திருக்கிறது. பெரியகுளம் போன்ற சிற்றூரில் சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் மே மாதம் நடத்தும் அகில இந்தியப் போட்டிக்கு ராணுவமும் விமானப்படையும் வங்கிகளும் வந்து ஆடுகின்றன. மின்னொளியில், இரவு ஆட்டம். பகல் வெயில் சிமென்ட் தரையிலிருந்து இறங்கியிராத நேரத்தில் கூட்டம் வந்து இடம் பிடிக்கிறது. கோயம்புத்தூரில் நாச்சிமுத்துக் கவுண்டர் கோப்பை, பி.எஸ்.ஜி. கோப்பை; கரூரில் எல்.ஆர்.ஜி. நாயுடு கோப்பை. டிபார்ட்மென்ட் டீம்கள் கோடை முழுக்க இந்த ஊர்களைச் சுற்றி வருகின்றன. உள்ளூர்ப் பையன் ஒருவன் முதல்முறையாக இந்திய வீரரின் தோளுக்குப் பக்கத்தில் நிற்பது இங்கேதான். துறைப் பயிற்சியாளர்களின் கண் அவன் மேல் விழுவதும் இங்கேதான். கோடிக்கணக்கில் கொட்டிய லீக்குகள் ஓய்ந்த பிறகும் இவை நடக்கக் காரணம், ஊரே ஆட்டத்தைத் தன்னுடையது என்று நினைப்பது.

இனி செய்ய வேண்டியது பெரிய புரட்சி அல்ல, இன்னொரு குறிப்பாணை. மத்திய அரசு ஊழியர் தேசிய, சர்வதேசப் போட்டிகளில் ஆட வருடத்துக்கு 30 நாள் வரை சிறப்புத் தற்செயல் விடுப்பு ஏற்கெனவே உண்டு. கூட்டமைப்பு அங்கீகரித்த லீக்குக்காக ஊழியர் ஒருவரை ஒரு முழுப் பருவத்துக்கு, வேலையும் பணிமூப்பும் போகாமல், நகர அணிக்கு இரவலாகத் தர வழிசெய்தால் துறைக்கு நஷ்டம் ஒன்றுமில்லை. அந்தப் பருவத்துக்கான சம்பளத்தை லீக் கொடுக்கட்டும். ரயில்வேயில் சேர்ந்த பிலாய்ப் பெண் ஒரு பருவம் சத்தீஸ்கர் அணிக்குத் திரும்பி வந்து ஆடட்டும். அதை எழுத வேண்டிய அதிகாரிகளில் சிலருக்கு வீடு ஆர்.கே.புரத்திலேயே இருக்கிறது. அமைச்சகங்களுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டியை மத்திய குடிமைப்பணிகள் கலாசார, விளையாட்டு வாரியம் வருடாவருடம் நடத்துகிறது. வாரியத்தின் வினய் மார்க் மைதானம் சாணக்யபுரியில், ஆர்.கே.புரத்திலிருந்து ஆட்டோவில் போகும் தூரம்தான்.